ஆசியா மாமியின் வளவுக்கு நான் எழுதிய பெயர்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பாடு ஒழுங்கா, தடிமன் காய்ச்சல் விட்டதா என்று கேட்பதை இன்றைக்கு ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். காலையில் நீ தொலைபேசியில் எவ்வளவு சந்தோஷமாகக் கதைத்தாய்! "உம்மா, என்ன நம்மட கடற்கரைக்கே அனுப்புறாங்க. காத்துல கரண்ட் எடுக்கிற காத்தாடித் திட்டம் திரும்ப வருது. கம்பனி வேற, ஆக்கள் வேற, இடம் மட்டும் அதே இடம்தான். காணிக்காரங்கட லிஸ்ட் ரெடியா இரிக்கி. வியாழக்கிழமை கூட்டம் வெச்சி நான் ஒப்பம் வாங்கினாச் சரி." எந்த லிஸ்ட் என்று கேட்டேன். "சுனாமி நேரம் எடுத்த பழைய லிஸ்ட் உம்மா. அதக் கம்பியூட்டரில ஏத்தி வெச்சிரிக்காங்க. சுகமான வேல" என்று சிரித்தாய். அதோடு தொடர்பு அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் போகவில்லை. நான்தான் அறுத்தேன். கையிலிருந்த போனைச் சுவரில் எறியாமல் மேசையில் வைத்ததே பெரிய காரியம்.

அந்த லிஸ்ட்டில் ஒரு பெயர் பிழை. பிழையாக எழுதியவள் நான். உன் வாப்பாவுக்குக்கூட இதில் பாதிதான் தெரியும். இருபது வருடமாக விழுங்கி வைத்திருந்ததை இப்போது உனக்கு எழுதுகிறேன், ஒரு பிரதியை ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். படிவமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கரை கரையாகப் போகும் பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய உம்மாமாரும் வாசிக்கட்டும். நீ வெட்கப்படுவாய் என்று தெரியும். வெட்கத்தில் பெரிய பங்கு என்னுடையது.

பதினெட்டு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உயர்தரத்தில் கலைப்பிரிவு. நூலகத்தில் ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் தருவார்கள் என்பதற்காகத் தங்கையின் பெயரிலும் அங்கத்துவம் எடுத்து வைத்திருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் கடதாசியைக்கூட விடாமல் வாசிப்பேன். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு எங்கள் பள்ளிக்கூடமே அகதி முகாமானது. நான் பரீட்சைக்குப் படித்த அதே வகுப்பறையில் ஏழு குடும்பங்கள் படுத்தன. எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின, புத்தகங்கள் போயின. பக்கத்துப் பாயில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்க, நான் புத்தகங்களுக்காக அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

சில கிழமைகளில் சேத விபரப் படிவங்கள் கட்டுக் கட்டாக வந்தன. எழுதத் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் ஒரு மேசை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பெரிய பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, "புள்ள, இத எப்பிடி எழுதுற?" என்று என்னைக் கேட்டார்கள். மகன், உண்மையைச் சொல்கிறேன். ஊரே இழவு வீடாகக் கிடந்த அந்த நாட்களில் நான் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். முதன்முதலாக என் படிப்பு ஊருக்குத் தேவைப்பட்டது.

நம் கரையில் வீடும் வளவும் பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆண் உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வருகிறான். உன் வாப்பா அப்படித்தான் வந்தார், நீயும் ஒருநாள் அப்படித்தான் போவாய். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சின்னக் குடிலுக்குப் போவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். இந்த வழக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தது என்றால், அதை எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் மேலே குடும்பத் தலைவர் யார் என்று கேட்டிருந்தது, கீழே காணி யாருக்குச் சொந்தம் என்று கேட்டிருந்தது. பெண்கள் இரண்டுக்கும் புருஷனின் பெயரைச் சொன்னார்கள். "அவர்ட பேரயே எழுதுகா. வளவு நம்மட எண்டு ஊருக்கே தெரியும்தானே, கடதாசில ஆருட பேர் இரிந்தா என்ன?" வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நல்ல கதிரையைக் கொடுப்பது போல, கடதாசியில் முதல் இடத்தையும் மரியாதைக்காகக் கொடுத்தார்கள். கதிரையில் உட்கார்ந்தவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று யார் கண்டது?

ஒரே ஒருவர் மட்டும் தன் பெயரை எழுதச் சொன்னார். ஆசியா மாமி. நமக்குச் சொந்தம் இல்லை, எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்தவர் என்பதால் மாமி. கடலை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மூங்கில் பரண் கட்டி அதில் கருவாடு காயவைத்து விற்பார். அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. தாய் மகளுக்கு, அந்த மகள் தன் மகளுக்கு என்று வாயால் கொடுத்து வந்தது. அலையில் பரண் போனது, வீடு போனது, நிலம் மட்டும் கிடந்தது. மாமி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்றை உடுத்திருந்தார், அதன் கை அவருடைய விரல்களைத் தாண்டித் தொங்கியது.

"காணி ஆருட பேர்ல மாமி?" என்று கேட்டேன்.

"என்ட பேர எழுது, ஆசியா உம்மா எண்டு. என்ட உம்மா எனக்குத் தந்த வளவு. நாளைக்கு என்ட மகளுக்கு."

"மேல குடும்பத் தலைவர் எண்டு காசிம் மாமாட பேர் இரிக்கே மாமி. கீழ வேற பேர் வந்தா கந்தோரில திருப்பி அனுப்பிருவாங்க."

"ஏன் அனுப்புற? தலைவர் அவர், காணி என்ட. ரெண்டும் வேற வேறதானே?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "அவர் தலைவர் எண்டு உங்கட வீட்டுல ஆரு சொன்ன மாமி?" என்று கேட்டாள். அந்தத் துக்கத்திலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. என் மேசையில் சிரிப்பா? "மாமி, ரெண்டும் ஒண்டா இரிந்தாத்தான் லேசு. பின்னால எத்தின பேர் நிக்காங்க, பாருங்க" என்றேன், டீச்சர் மாதிரி. மாமி என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியாததா? எழுது மறுகா" என்றார். நான் காசிம் என்று எழுதினேன். அடியில் ஒரு கோடும் போட்டேன், அடிமட்டம் வைத்து.

அப்படி ஒரு விதி எந்த அரசாங்கக் கந்தோரிலும் இருக்கவில்லை. ஒருவரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவும் இல்லை. விடைத்தாளில் முன்னுக்குப் பின் முரணாக எழுதினால் புள்ளி குறையும் என்ற பள்ளிக்கூட அறிவை வைத்துக்கொண்டு நானே உண்டாக்கிய விதி அது. தனக்கு என்ன சொந்தம் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு பெண்ணை, எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் நான் திருத்தினேன். தலைமுறை தலைமுறையாக வாயால் வந்த அந்த வளவைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட முதல் கடதாசி என் கடதாசி.

அதன் பிறகு நடந்ததில் கொஞ்சம் நீயும் பார்த்தது. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள். தகரக் கொட்டிலில் வருடக் கணக்காக இருந்தோம். அந்தக் கொட்டிலில்தான் நீ பிறந்தாய், பகலில் உன்னை ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பேன். பிறகு கடலைவிட்டுத் தள்ளி உள்ளூரில் வீட்டுத்திட்டம் வந்தது. லிஸ்ட்டைப் பார்த்துச் சாவி கொடுத்தார்கள், ஆசியா மாமியின் வீட்டுச் சாவி காசிம் மாமாவின் கைக்குப் போனது. அவர் நெல் வியாபாரி. அறுவடைக் காலத்தில் இறக்காமத்துக்குப் போனவர் அங்கேயே இரண்டாவது கலியாணம் முடித்துக்கொண்டார். யாராவது கேட்டால் மாமி, "நெல்லு வாங்கப் போனவர் வயலோட நிண்டுட்டார்" என்பார். கடற்கரை வளவில் மறுபடி பரண் கட்டினார். கடலோரத்தில் வீடுதான் கட்டக்கூடாது, கருவாடு காயலாம் அல்லவா? பாண்டிருப்பிலிருந்து கணபதி அண்ணன் தன் ஆட்களோடு வந்து அந்தக் கரையில்தான் வலை இழுப்பார். சின்ன மீன் எல்லாம் மாமிக்கு. தமிழ் ஊரும் நம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்த யுத்த காலத்திலும் அந்த இருவருக்கும் இடையில் வியாபாரம் நின்றதில்லை. "என்ன ஆசியாக்கா, இண்டைக்கும் முகத்தில உப்பா?" என்பார் அவர். "உன்ட மீனப் பாத்தா ஆருக்குத்தான் முகம் இனிக்கும்?" என்பார் மாமி.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், சோதனைச் சாவடிகளைக் கழற்றின கையோடு, கடற்கரையில் கருவி வைத்து அளக்கிறவர்கள் வந்தார்கள். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம், முதலில் ஒரு கம்பம் நட்டுக் காற்றை அளப்பார்களாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் காற்றாலைப் படம் பார்த்து அதை அப்பியாசக் கொப்பியில் வரைந்தவள் நான். கம்பனி கொடுத்த துண்டுப் பிரசுரத்தை மூன்று மொழியிலும் வாசித்தேன். பாதிக்கப்படக்கூடிய மக்களின் மனித உரிமைகளை மதிப்போம், சம்மதம் இல்லாமல் ஒரு அடி நிலமும் எடுக்கமாட்டோம் என்று மூன்றிலும் இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு உன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு வேறு சந்தோஷம். கம்பனி அவருடைய வேனை மாத வாடகைக்கு எடுத்திருந்தது.

சம்மதம் எடுக்கக் கூட்டம் வைத்தார்கள். அழைப்புக் கடிதம் லிஸ்ட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் போனது. ஆசியா மாமி அழைப்பில்லாமல் போனார், துணைக்கு நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார், "உம்மா, உங்கட வீட்டு ஆம்புளய அனுப்புங்க."

"என்ட வீட்டு ஆம்புள இப்ப இறக்காமத்தில வேற வீட்டு ஆம்புள தம்பி. அவர் வேணுமெண்டா நீங்கதான் அங்க போய்க் கேக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அந்தத் தம்பியும் சிரித்தார். சிரித்துவிட்டு, உண்மையாகவே இறக்காமத்துக்கு ஆள் அனுப்பிக் காசிம் மாமாவிடம் குத்தகைக்கு ஒப்பம் வாங்கிவிட்டார்கள்! கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட்டும் குளிர்பானமும் வெளியே நின்ற எங்களுக்கும் வந்தன. உரிமைகள் உள்ளே இருந்தன, பிஸ்கட் வெளியே வந்தது. நீ நிலமெல்லாம் துகளாக்கித் தின்றாய்.

இரண்டு கிழமையில் கம்பி வேலி போட்டார்கள். பரண் வேலிக்கு உள்ளே, மாமி வெளியே. அதற்குப் பிறகு நானும் அவரும் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. இந்த மேசை அந்த மேசையைக் காட்டும், அந்த மேசை கம்பனியைக் காட்டும், கம்பனி லிஸ்ட்டைக் காட்டும். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனால், "குடும்பப் பிரச்சின, காசிமோட கதைச்சி முடிங்க" என்றார்கள். நான் மனுவுக்கு மேல் மனு எழுதினேன். எல்லாம் அழகான கையெழுத்தில், தாழ்மையுடன், பணிவன்புடன். ஒன்றில்கூட, அந்தப் பெயரை எழுதியது நான்தான் என்ற ஒரு வரியை நான் எழுதவில்லை.

கடைசியாக ஒரு அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர். பழைய படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான் அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு அப்படியே இருந்தது. "இந்தப் பேர எழுதினது ஆர்? அவங்க வந்து, மாறி எழுதிட்டன் எண்டு சொன்னா இதத் திருத்த வழி இரிக்கி" என்றார். மகன், நான் அவருக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த நேரம் எனக்கு வேனும் மாத வாடகையும் நினைவுக்கு வந்தன. நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகளின் பெற்றார் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். ஆசியா மாமி என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். "ஆரோ ஒரு புள்ள சேர். அந்தச் சனத்துக்குள்ள முகம் மறந்து போச்சு" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் அழத் தொடங்கினேன். மாமி என்னைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. "சின்னப் புள்ளய வெயில்ல வெச்சிக்கிட்டு அழாத. பஸ் வருது" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் நான் எப்போதோ இதை மறந்திருப்பேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். உன் வாப்பாவைக் குறை சொல்லாதே. வாயை மூடு என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நானாக மூடினேன்.

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கம்பம் சில வருடம் நின்றது. காற்றாலை வரவில்லை. கம்பனிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். வேனுக்கும் வேலை முடிந்தது. வேலி மட்டும் நின்றது, காவலாளிக்குப் பதிலாக உள்ளே ஆடுகள். கணபதி அண்ணனின் ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தார்கள். அவர்கள் நட்டஈட்டு லிஸ்ட்டிலும் இல்லை, சம்மத லிஸ்ட்டிலும் இல்லை. அவர்களிடம் நிலமே இல்லை, அந்தக் கரையில் வலை இழுக்கும் பழக்கம் மட்டும்தான் இருந்தது. பழக்கத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லையாம். மாமி வீட்டுத்திட்டத்தில் கூரைத் தகட்டின் மேல் கருவாடு காயவைத்தார். பக்கத்து வீட்டுக்காரி, "மாமி, உங்கட கருவாடு எங்கட பிரியாணிக்குள்ளயும் மணக்குது" என்று மதிலுக்கு மேலால் சொல்லுவாள். "மணக்காட்டி அது மீனில்ல, கடதாசி" என்பார் மாமி. பேச்சில் அவரை யாரும் வென்றதில்லை. ஆனால் கூரையில் காய்ந்த கருவாடு கடற்கரையில் காய்ந்தது போல் வரவில்லை, வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அந்தத் துண்டு நிலத்தில் காற்று நல்லது என்று கம்பனி கம்பம் நட்டுக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அதனால்தானே அவருடைய தாயும் அங்கே பரண் கட்டினார்.

நான் காற்றாலைக்கு எதிரி என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிவிடாதே. டீசலுக்கு வரிசையில் நின்று தோணிகள் கரையில் கிடந்த வருடத்தை மறக்க எனக்கு வயதாகிவிடவில்லை. மின்சாரம் போகும்போதெல்லாம், நீ வியர்த்து வழியப் படித்ததும் நினைவில் இருக்கிறது. காற்றிலிருந்து மின்சாரம் வரட்டும், நல்லது. என்னால் தாங்க முடியாதது வேறு. இந்தக் கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நல்ல காரியத்துக்குத்தான் வருகிறார்கள். துறைமுகம் நல்லதுக்கு, தடுப்பு எல்லை நல்லதுக்கு, வீட்டுத்திட்டம் நல்லதுக்கு, இப்போது காற்றாடி உலகத்துக்கே நல்லதுக்கு. நல்ல காரியம் என்பதால் கேள்வி கேட்கிறவர்கள் கெட்டவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். மனித உரிமை என்று பெரிய பெரிய பானரில் எழுதித் தொங்கவிடுகிறார்கள், அதற்குக் கீழே உட்கார்ந்து, உரிமை இல்லாத ஒருவரிடம் ஒப்பம் வாங்குகிறார்கள். சம்மதம் என்றால் சம்மதம் இல்லை என்று சொல்லவும் முடிய வேண்டும். ஆசியா மாமிக்கு ஓம் என்று சொல்லக்கூட ஒருவரும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஓம் சொல்லியிருக்கலாம்! "ஒரு மூலையில கம்பத்த நடுங்க, மத்த மூலையில நான் காயவைக்கிறன்" என்று சொல்லியிருக்கக்கூடியவர்தான். அதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய குத்தகை முடிந்துவிட்டது, அதனால்தான் உன் கம்பனிக்குப் புதிய ஒப்பம் தேவைப்படுகிறது. காசிம் மாமா மௌத்தாகிவிட்டார். உன் லிஸ்ட்டில் அவர் பெயர் இருப்பதால், கம்பனி அவருடைய வாரிசுகளைத் தேடும். இறக்காமத்தில் அவருக்கு வளர்ந்த மகன்மார் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்தக் கடற்கரையை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் கூப்பிட்டால் வந்து ஒப்பம் வைப்பார்கள். ஏன் வைக்கமாட்டார்கள்? இந்தத் தடவை வைத்தால், அந்த வளவு ஆசியா மாமிக்கும் அவருடைய மகளுக்கும் கலியாண வயதில் நிற்கும் பேத்திக்கும் இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த மனுவும் எடுபடாது. முதல் தடவை என் கை செய்தது. இரண்டாவது தடவை என் மகனின் கை செய்யப் போகிறது, அதுவும் சுகமான வேலை என்று சிரித்துக்கொண்டு.

போனை அறுத்தபின் நான் சும்மா இருக்கவில்லை. நேரே மாமியின் வீட்டுக்குப் போனேன். அவர் கூரையிலிருந்து எடுத்த கருவாட்டைத் தட்டிக்கொண்டு இருந்தார், இப்போது கண் பார்வையும் குறைவு. எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோரில் வந்து, எழுதியது நான்தான் என்று சொல்லுகிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன், நீளமாக, புத்தகத்தில் வருவது போல. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருவது வருஷமா நான் வேற என்னத்தப் பாத்துக்கிட்டு இரிந்தன் எண்டு நினைக்காய்? கதைய விடு. கந்தோர் பூட்ட முதல் போகணும். நில்லு, அபாயாவப் போட்டுட்டு வாறன்."

கந்தோரில் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது என்று இரண்டு பேரும் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தோம். சேத விபரப் படிவத்தில், காணிக்காரியான ஆசியா உம்மா தன் பெயரை எழுதச் சொல்லியும், நான் என் இஷ்டத்துக்கு அவருடைய கணவரின் பெயரை எழுதினேன் என்று அதில் இருக்கிறது. நீதவான் வாசித்துவிட்டு, "டீச்சர், இது உங்களுக்கும் பிரச்சின வரக்கூடிய விஷயம், யோசிச்சித்தான் செய்றீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன் மாமி, "யோசிச்சது போதும் சேர், முத்திரையக் குத்துங்க" என்றார். திரும்பும் வழியில் கணபதி அண்ணனிடமும் சொன்னோம். வலைக்காரர் எல்லாரும் கூட்டத்துக்கு வருவார்கள். அழைப்பு இல்லையே என்று அவர் சந்தேகப்பட்டார். அழைக்கிறவன் என் மகன்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று தெரியும்.

உனக்கு நான் சொல்ல விரும்புவது நீளமில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒருநாள் காலையில் கடற்கரைக்கு வா, கந்தோர் வழியாக வராமல். அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று பார். அந்த நிலத்துக்கு யார் ஆள் என்று அவர்களையே கேள், சொன்னதைச் சொன்னபடி எழுது. நீ படித்தவன் என்பதற்காக ஒருவர் சொன்னதையும் திருத்தாதே. வரிசை நீளமாக இருந்தாலும் அவசரப்படாதே. எழுதச் சொன்னது உன் படிவத்துக்குள் அடங்காவிட்டால் பிழை படிவத்தில்தான், ஓரத்தில் எழுதி வை. உன் அதிகாரிக்குப் பிடிக்காது. லிஸ்ட்டை எப்போது முடித்துக் கொடுப்பாய் என்றுதான் அவர் கேட்பார், யாருடைய நிலம் என்று கேட்கமாட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத எனக்குக் கை வரவில்லை. உன் வேலை நமக்குத் தேவை. வாப்பாவால் இனி வேன் ஓட்ட முடியாது, உன் தங்கைக்கு வீடு கட்ட வேண்டும். ஒரு தடவை வேனுக்காக வாயை மூடினவள், உன் வேலை எனக்குப் பெரிதில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? நானே நம்பமாட்டேன். அதனால் எதையும் விட்டுவிடச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. நான் செய்யப் போவதை உனக்கு முன்கூட்டிச் சொல்லுகிறேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை நீ காசிம் மாமாவின் பெயரை வாசிக்கும்போது நான் எழும்பி நிற்பேன். அந்தப் பெயர் பிழை, எழுதியவள் நான் என்று ஊர் கேட்கச் சொல்லுவேன். பக்கத்தில் ஆசியா மாமி இருப்பார். உன் அதிகாரி உன்னைப் பார்ப்பார், உன் முகம் சுருங்கும். அந்த நேரம் குனிந்துகொண்டு போனைப் பார்க்காதே, சுவரைப் பார்க்காதே. எனக்கு எதிராகக் கதைப்பதென்றாலும் சரி, நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துக் கதை.

உம்மா